பிடி அரிசியில் ஓடிய வண்டி

சின்னதுரை அந்த மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காலனிக்குள் நுழைந்த அன்று சிரிக்காதவர்கள் யாருமில்லை. ஓட்டிக்கொண்டு வந்திருந்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். சோழவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ராஜா மாதிரி ஓட்டிக்கொண்டுதான் வந்தான். மாதர்பாக்கம் ரோட்டில் திரும்பியதும் பெட்ரோல் தீர்ந்துபோனது. தாராளமாகப் போதும் என்று நினைத்து ஊற்றிக்கொண்டு கிளம்பியவன், கடைசி ரெண்டு மைலை வியர்வை சொட்டச் சொட்டத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அது 1971. சோழவரத்தில் யுத்த காலத்து விமான தளம் ஒன்று சும்மா கிடந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே மோட்டார் பந்தயம் நடக்கும். மெட்ராஸ் பணக்காரர்கள் ஓட்டுவார்கள். சுற்றுவட்டாரத்து ஜனம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் வேடிக்கை பார்க்கும். சின்னதுரை அங்கே வைக்கோல் கட்டு அடுக்கும் கூலி வேலைக்குப் போயிருந்தான். அந்த வருஷப் பந்தயத்தில் பல்லு உடைந்த கியரோடு ஓரங்கட்டிய ஒரு ஜாவா வண்டியை, அதன் சொந்தக்காரர் கண்ணில் படக்கூடாது என்று தள்ளிவிட்டார். ரோலிங் மில்லில் இரும்புக் கம்பியோடு மல்லுக்கட்டிச் சேர்த்த காசையெல்லாம் கொட்டிச் சின்னதுரை அதை வாங்கி, கியரையும் மாற்றிவிட்டான்.

சாதாரண ஜாவாவாக இருந்தால் பரவாயில்லை. இதைப் பந்தயத்துக்கென்றே அறுத்து, சீவி, குடைந்து வைத்திருந்தார்கள். இஞ்சின் ஹெட்டைச் சீவியிருந்தார்கள். சிலிண்டரின் வாய்களை அரம் போட்டுப் பெரிதாக்கியிருந்தார்கள். சைலன்சர் என்று பேர்தான், உள்ளே ஒன்றுமில்லை. கிளப்பினால் காலனி நாய்கள் ஏரிக்கரைக்கு ஓடும். மற்ற ஜாவா ஒரு லிட்டரில் போகிற தூரத்தில் பாதிகூட இது போகாது. பெட்ரோல் போதாதென்று ஆயில் வேறு தின்னும். மாசத்துக்கு ஒரு பிளக்கு கரி பிடித்துச் சாகும். வருஷம் திரும்புவதற்குள் பிஸ்டன் ரிங்கு மாற்ற வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

"உனுக்கு இன்னாத்துக்குடா இந்த ஜம்பம்? மில்லுக்கு சைக்கிள்ள போனா போவாதா?" என்று பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி. மனசு அதைவிட ஜாஸ்தி.

ஜம்பம் இல்லை. சின்னதுரையின் அப்பா அரசப்பன் அடுத்தவர் நிலத்தில் களை எடுக்கும்போது பாம்பு கடித்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். முதல் பஸ், கூட்டம் என்று நிற்காமலே போனது. அடுத்த பஸ் வருவதற்குள் வாயில் நுரை தள்ளிவிட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது. போய்ச் சேரத்தான் வழியில்லை. அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தைச் சின்னதுரை மறக்கவே இல்லை. அதனால்தான் வண்டி வாங்கப் போனவன் எவ்வளவு குடிக்கும் என்று கேட்கவில்லை. எவ்வளவு வேகம் போகும் என்று மட்டும் கேட்டான்.

வேகத்துக்குக் குறை வைக்கவில்லை அது. வாங்கிய வருஷத்து மழைக்காலத்திலேயே கெங்கம்மாளின் மகள் ரத்னாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ரத்னாவை நடுவில் வைத்து, பின்னால் கெங்கம்மாளை உட்காரவைத்து, சின்னதுரை முறுக்கினான் பாருங்கள்! பொன்னேரியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இருவரையும் இறக்கி, வண்டியைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைத்து, அந்தப் பக்கம் மறுபடி ஏற்றிக்கொண்டு பறந்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்றோடு காலனியில் சிரிப்பு நின்றது.

அதற்கப்புறம் தேள் கடி, காலரா, மில்லில் கை நசுங்கியது என்று எல்லாவற்றுக்கும் சின்னதுரையைத்தான் கூப்பிட்டார்கள். அவன் யாரிடமும் காசு வாங்கியதில்லை. சம்பளம் பெட்ரோலாகக் கரைந்தது. அவன் மனைவி கிரேஸ் ஆரணிப் பக்கத்துப் பெண். வாய் திறந்து குறை சொல்ல மாட்டாள். ஆனால் குழம்பில் தண்ணீர் ஜாஸ்தியாவதைக் கெங்கம்மாள் மோப்பம் பிடித்துவிட்டாள்.

காலனியில் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் சர்ச்சுக்கு. சர்ச் குடும்பங்களில் பிடி அரிசிக் காணிக்கை என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது சபைக்குப் போகும். கெங்கம்மாள் மாரியாத்தாவைக் கும்பிடுகிறவள். ஒரு ஞாயிறு சர்ச் வாசலிலேயே போய் நின்றுகொண்டு பஞ்சாயத்து வைத்தாள்.

"மோட்சத்துக்கு இட்டுக்கினு போறவருக்கு ஒரு பிடி போடுறீங்க. பொன்னேரிக்கு இட்டுக்கினு போறவனுக்கு ஒரு பிடி போட்டா இன்னா, கை தேஞ்சா பூடும்?"

போதகரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து கோயில் வீடு, சர்ச் வீடு என்ற பேதமில்லாமல் எல்லா வீட்டிலும் இன்னொரு பானை ஏறியது. அதற்கு வண்டிப் பானை என்று பேர். கிரேஸ் வாரத்துக்கு ஒரு தடவை பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். சேர்ந்த அரிசியைக் கும்மிடிப்பூண்டிக் கடையில் போட்டு, கிடைத்ததைப் பெட்ரோலாகவும் ஆயிலாகவும் வாங்கி வருவார்கள். குடிசைகளின் உலைப்பானையிலிருந்து பந்தய வண்டி ஓடிய ஊர் உலகத்தில் வேறு எங்காவது உண்டா, தெரியவில்லை.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு எல்லாம் ஒரேயடியாகக் கவிழ்ந்தது. அரபு தேசத்துக்காரர்கள் எண்ணெயை நிறுத்தினார்களாம். பெட்ரோல் விலை ஏணி வைத்து ஏறியது. எங்கேயோ யாரோ சண்டை போட்டால் மாதர்பாக்கம் ரோட்டில் இருப்பவன் வயிற்றில் ஏன் அடிக்க வேண்டும்? அதே சமயத்தில் மழையும் பொய்த்து, அரிசியும் கண்ணில் படாமல் போனது. வண்டிப் பானையில் பிடி அரைப்பிடியானது. அரைப்பிடி நொய்யானது. கிரேஸ் பையோடு வருவதைப் பார்த்து ஒரு வீட்டுக்காரி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வெளியே வந்து, பையையே பார்த்துக்கொண்டு நின்றன.

கிரேஸ் பையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதாள்.

"இனிமே என்னால போவ முடியாதுய்யா. பசியோட இருக்கிற கொயந்தைங்க வாய்லந்து புடுங்குற மாரி இருக்குது."

"அப்ப வண்டிய வித்துரலாமா?" என்று கேட்டான் சின்னதுரை.

"விக்கிறதா? ரத்னா புள்ள அதோ ஓடிக்கினு கீது, பாக்கல நீ? விக்க வாணாம். அத்தக் கொஞ்சமா துன்னச் சொல்லு."

கொஞ்சமாகத் தின்ன வைக்கத் தெரிந்தவர் குப்புராஜ் மேஸ்திரி. காரனோடையில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். சோழவரத்துப் பந்தய வண்டிகளையெல்லாம் குடைந்து கொடுத்ததே அவர்தான். எண்ணெய் விலை ஏறியதிலிருந்து அவர் பிழைப்பு தலைகீழாகிப்போயிருந்தது. வேகம் கேட்டு வந்தவர்களெல்லாம் இப்போது மைலேஜ் கேட்டு வந்தார்கள்.

"இருக்குது நைனா, வழி இருக்குது," என்றார். கார்புரேட்டரைக் கழற்றி உள்ளேயிருந்து ஒரு சின்னப் பித்தளைத் திருகை எடுத்துக் காட்டினார். நடுவில் பொடி ஓட்டை. "இதான் ஜெட்டு. இந்த ஓட்டை வழியாத்தான் பெட்ரோல் உள்ள போவுது. ஓட்டை சின்னதுன்னா செலவும் சின்னது. ஆனா ஒண்ணு கேட்டுக்க. இந்த இஞ்சினுக்கு ஆயில் தனியா போறதில்ல, பெட்ரோல்ல கலந்துதான் போவுது. பெட்ரோலக் கொறச்சா ஆயிலும் கொறஞ்சிரும். வாய கட்டுனா தொண்டையும் காயும். மெதுவா போ, ஒண்ணும் ஆவாது. ரேஸ் நெனப்புல முறுக்குனன்னு வெய்யி, சூடேறி பிஸ்டன் அப்டியே கவ்விக்கும். வண்டி நட்டநடு ரோட்ல நின்னுரும்."

"அவசரம்னு வந்தா மேஸ்திரி?"

"பழைய ஜெட்ட எடுத்து மாட்டிக்கினு போ. பத்து நிமிச வேல."

"அவசரத்துல ஏது மேஸ்திரி பத்து நிமிசம்?"

குப்புராஜ் கையைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சமா துன்னணும், வேகமாவும் ஓடணும்னா நான் இன்னா பண்றது? மெக்கானிக்குதான் நானு, சாமி இல்ல."

சின்ன ஜெட் ஏறியது. பெரிய ஜெட்டை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு, டூல் பாக்ஸில் வைத்துக்கொண்டான். அடுத்த நாளிலிருந்து வண்டி பெட்டிப்பாம்பாக அடங்கிப்போனது. மில்லுக்குப் போய் வந்தால் முன்பு செலவானதில் பாதிதான். "இப்பதான் மனுசாளாட்டம் துன்னுது," என்று கிரேஸ் வண்டியின் டேங்கைத் தட்டிக்கொடுத்தாள். நடுவில் ஒரு காலராக் கேஸ், ஒரு எலும்பு முறிவு, இரண்டையும் மெதுவாகவே ஓட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி சும்மா பயமுறுத்தினார் என்று நினைக்கத் தொடங்கினான். இருந்தாலும் ஓட்டும்போது இடது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்கும். பிஸ்டன் கவ்வினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும். அந்த நொடியே கிளட்சைப் பிடித்தால் வண்டி உருண்டு நிற்கும். இந்த மாதிரி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரிப் பழக்கம்.

அந்த வருஷம் கிரேஸ் முழுகாமல் இருந்தாள். முதல் தடவை மூன்றாம் மாசமே கலைந்துவிட்டது. இது எட்டு மாசம் தாண்டிவிட்டது. சின்னதுரை மில்லிலிருந்து வரும்போது கவரைப்பேட்டையில் இறங்கி மாங்காய் வாங்கி வருவான். பிள்ளைக்கு என்ன பேர் வைப்பது என்று இருவரும் செல்லச் சண்டை போட்டார்கள். ஆண் என்றால் பாக்கியராஜ் என்று அவனும், பெண்தான், விக்டோரியா என்று அவளும் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து சோறு வடிக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புடவை நனைந்திருந்தது. சின்னதுரை முதலில் கஞ்சித் தண்ணீர் என்றுதான் நினைத்தான். பிறகு சிவப்பைப் பார்த்தான்.

கெங்கம்மாள் ஓடி வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். "பொன்னேரிக்கு எடுறா வண்டிய" என்று கத்தினாள்.

சின்னதுரை வண்டியிடம் ஓடினான். டூல் பாக்ஸைத் திறந்தான். தீப்பெட்டியை எடுத்தான். ஸ்பேனரும் கையில் வந்துவிட்டது. பத்து நிமிஷம். மாற்றிவிட்டுப் போனால் காற்றாகப் பறக்கலாம். மாற்றாமல் போனால் மெதுவாகத்தான் போகணும். எது சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்? கணக்குப் போட மூளை ஓடவில்லை. ஸ்பேனரை வைப்பதும் எடுப்பதுமாக நின்றான்.

"அடப்பாவி! பொண்டாட்டி ரத்தமா ஊத்திக்கினு கெடக்குறா, ஸ்பேனரு புட்ச்சிக்கினு ஆடிக்கினு நிக்கிற! ஏத்துடா!" கெங்கம்மாள் கிரேஸைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

தீப்பெட்டியைத் திரும்ப உள்ளே போட்டான். மெதுவாகவே போகலாம், மற்ற நேரமெல்லாம் போகவில்லையா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

கும்மிடிப்பூண்டி வரைக்கும் மெதுவாகத்தான் போனான். நடுவில் உட்கார்ந்த கிரேஸ் அவன் முதுகில் முகத்தைச் சாய்த்திருந்தாள், பின்னால் கெங்கம்மாள் தாங்கியிருந்தாள். இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டியிருந்தாள். மெயின் ரோட்டில் ஏறியபோதுகூட "பள்ளம், பாத்து" என்றாள். கவரைப்பேட்டை தாண்டும்போது அவள் கைப்பிடி தளர்ந்தது. ஒரு கை நழுவிக் கீழே தொங்கியது.

"சின்னதொர, மயங்குறாடா!" என்றாள் கெங்கம்மாள்.

அதற்கப்புறம் எந்த மனுஷன் மெதுவாக ஓட்டுவான்? நீங்கள் ஓட்டுவீர்களா? சின்னதுரை முறுக்கினான். வண்டி பழைய ஞாபகம் வந்ததுபோல் துள்ளிப் பாய்ந்தது. பனைமரங்கள் பின்னால் பறந்தன. "கர்த்தாவே, கர்த்தாவே" என்று அவன் வாய் அரற்றிக்கொண்டே வந்தது. தச்சூர் கூட்டு ரோடு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த இடத்தில் இஞ்சின் சத்தம் மெலிந்தது. சலங்கை குலுக்குவதுபோல் உள்ளே ஒரு கிணுகிணுப்பு. அடுத்த நொடி பின்சக்கரம் கீச்சென்று பூட்டிக்கொண்டது. விரல்கள் தாமாகவே கிளட்சை இழுத்தன. யாரும் விழவில்லை. வண்டி உருண்டு ஓரத்தில் போய் நின்றது. உதைத்துப் பார்த்தான். கிக்கர் கல்லாக இருந்தது.

கிரேஸைப் புளியமரத்து நிழலில் படுக்கவைத்தார்கள். சின்னதுரை நடு ரோட்டில் நின்று கையை விரித்தான். ஒரு கார் விலகிப் போனது. இன்னொன்றும் போனது. கடைசியில் நெல்லூரிலிருந்து மிளகாய் மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்தான். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பொன்னேரிக்குத் திருப்புகிறேன், ஏற்று என்றான். பாரம் தாங்காமல் முனகுகிற கிழட்டு லாரி. ஆனாலும் அது நின்றதே!

கெங்கம்மாளின் மடியில் கிரேஸைக் கிடத்தினார்கள். சின்னதுரை படியில் தொற்றிக்கொண்டான். கிரேஸ் கண்ணைத் திறந்தாள்.

"வண்டிய ரோட்ல உட்டுட்டு வராதய்யா. யார்னா கயட்டிக்கினு பூடுவான். அப்பால காலனிக்கு இன்னா பண்ணுவ?"

"வண்டி நாசமாப் போவட்டும்!"

"சொன்னா கேளு. சரி பண்ணி எட்தாந்துரு. நான் அங்க கீறேன்." அவ்வளவு பேசியதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவள் முடிவாகச் சொன்னதை அவன் என்றைக்கும் தட்டியதில்லை. இறங்கினான். லாரி போய்விட்டது. அந்த நிமிஷம் அவள் பேச்சைத் தட்டியிருக்கக் கூடாதா? அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

சூடு இறங்கினால் கவ்விய பிஸ்டன் சில சமயம் தானே விட்டுக்கொடுக்கும். அதற்காகக் காத்திருக்கிற நேரத்தில் சின்னதுரை கார்புரேட்டரைக் கழற்றினான். தீப்பெட்டியிலிருந்து பெரிய ஜெட்டை எடுத்தான். சின்னதை எடுத்துப் புதரில் வீசினான். பெரியதைத் திருகி முடித்தான். மேஸ்திரி சொன்ன பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அது தெரிந்தபோது ரோட்டோரத்தில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

எழுந்து உதைத்தான். கிக்கர் இறங்கியது. மறுபடி உதைத்தான். வண்டி பிடித்துக்கொண்டது! ஊரைத் தூக்குகிற அதே பழைய சத்தம். முறுக்கினான். கூட்டு ரோட்டில் கிழக்கே திரும்பிப் பொன்னேரிப் பாதையில் அது புயலாகப் போனது. லாரியைப் பிடித்துவிடலாம், பிடித்து அவளைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு போய்விடலாம். அந்த ஒரு நினைப்பைத் தவிர அவன் தலையில் வேறெதுவும் இல்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

கேட்டுக்கு முன்னால் மாட்டு வண்டிகள், சைக்கிள்கள், ஒரு கார், ஒரு பஸ். பெட்ரோலும் டீசலும் விற்கிற விலையில் எல்லோரும் இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மிளகாய் லாரியும் அந்த வரிசையில் நின்றிருந்தது. கேட்மேன் ரயில் வருகிறது, திறக்க முடியாது என்று டிரைவரிடம் கையைக் காட்டிக்கொண்டிருந்தான். சின்னதுரை வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு ஓடினான்.

"யக்கா, இறக்கு! கிரேஸ இறக்கு! வண்டி ஓடுது, கம்பிக்கு அடியில பூடலாம்!"

கெங்கம்மாள் அசையவில்லை. கிரேஸின் கண் பாதி மூடியிருந்தது. லாரியின் படியிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"பூட்டாடா," என்றாள் கெங்கம்மாள். "இப்பதான்டா. இந்தக் கேட்டாண்டதான். யக்கா, அவரு வண்டி சத்தம் கேக்குதா பாருன்னா. கேக்குதுடி, வந்துக்கினே கீறான்னு பொய் சொன்னேன். அப்பத்தான் நெசமாவே சத்தம் கேட்டுது. திரும்பிச் சொல்றதுக்குள்ள பூட்டாடா..."

சின்னதுரை அவள் காலைப் பிடித்தான். கால் இன்னும் சூடாக இருந்தது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். அங்கேயும் ஒரு அசைவும் இல்லை. டிரைவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

பின்னால் ஜாவா மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிளில் நின்ற ஒருவருக்கு முன்னால் நடப்பது என்னவென்று தெரியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, நல்லதைத்தான் சொன்னார்.

"யாரு வண்டிப்பா இது? பெட்ரோல் வீணாப் போவுது பாரு. ஆஃப் பண்ணுய்யா!"

சின்னதுரை திரும்பினான். கேட்டில் நின்ற அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"குடிக்கட்டும்யா!" என்று கத்தினான். "எவ்ளோ குடிக்குமோ அவ்ளோ குடிக்கட்டும்!"